மாடிக்காரர்

உங்கள் நாற்காலியில் பஞ்சு இடது பக்கமாக ஒதுங்கியிருக்கிறது, ஐயா. இன்னும் ஆறு மாதம் இதிலேயே உட்கார்ந்தால் உங்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் மெத்தை ஆலையில் இருந்தவனுக்கு எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

வெளியே நிற்கிற காவலரைச் சற்று முன்னால் நாலு பேர் பார்க்கத் திட்டினீர்கள். அதையும் தவிர்க்கலாம். பாராட்டுவதை ஊரறியச் செய்யவேண்டும், கண்டிப்பதைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யவேண்டும். ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று நான் நிறைய யோசித்தவன். நடந்ததற்கெல்லாம் அந்த யோசனைதான் காரணம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எழுதிக்கொள்கிறவர் அவசரப்பட வேண்டாம், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

எனக்கு முன்னால் இருந்த மேலாளர் கத்திக் கத்தியே வேலை வாங்கியவர். காலையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே தையல் பகுதியில் ஊசி உடையும். ஊசி உடைந்ததற்கு மறுபடி கத்துவார். ஒரு நாள் அவருடைய இருக்கைக்குள் யாரோ ஒரு ஸ்பிரிங்கை நிமிர்த்தி வைத்துத் தைத்துவிட்டார்கள். தையல் அவ்வளவு நேர்த்தி, பிரித்துப் பார்த்த பிறகும் யார் கை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் இப்போதும் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறார் என்று கேள்வி. அவர் இடத்துக்குத்தான் என்னைப் போட்டார்கள். அன்றைக்கே தீர்மானித்தேன், என் ஆட்கள் என்னை வெறுக்கக் கூடாது என்று.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வராது. “கேக்கறவங்களுக்கெல்லாம் தலையாட்டிட்டு, கழுத்து சுளுக்குதுன்னு என்கிட்ட வந்து தைலம் தேய்க்கச் சொல்லாதீங்க” என்பாள் என் மனைவி. முப்பத்தெட்டு பேரை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டினால் ஆலை ஓடாது. தலையாட்டாவிட்டால் என் இருக்கையிலும் ஸ்பிரிங் வரும்.

முதல் வாரமே சோதனை வந்தது. மெத்தையின் விளிம்பைச் சுற்றித் தைக்கிற ஓரத்தையல் அக்கா வந்து நின்றார். தையல் பகுதிக்கே அவர்தான் தலைவி மாதிரி.

“தங்கச்சிக்கு ஆபரேஷன் சார். ரெண்டு நாள் லீவு வேணும்.”

அந்த இரண்டு நாளில் அறுபது மெத்தை போயாக வேண்டும். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது. “எனக்கு ஒண்ணுமில்லக்கா, தாராளமா போங்க. மாடியில இருக்கறவர் விடணுமே.”

அக்கா கூரையைப் பார்த்தார். என் அறைக்கு நேர் மேலே ஒரு மாடியறை இருந்தது. முதலாளி வந்தால் தங்கட்டும் என்று கட்டியது. முதலாளி எங்கேயோ தூரத்து நகரத்தில் இருக்கிறவர், மாதம் ஒரு அறிக்கை போனால் அவருக்குப் போதும், ஒரு தடவைகூட வந்ததில்லை. கழிவறை, மேசை, நாற்காலி எல்லாம் இருந்தன. ஜன்னலை மறைத்து, சுவரைச் சுற்றி, கழித்துப் போட்ட ஃபோம் பாளங்களை அடுக்கிவைத்திருந்தோம். ஃபோம் தீப்பிடிக்கும் என்பதால் இரும்புக் கதவு.

“யாரு சார் அது?”

“புதுசா போட்டிருக்காங்க. எனக்கும் மேல.”

“உங்களையும் ஏதாவது சொல்வாரா?”

“அதை ஏன்க்கா கேக்கறீங்க.”

அக்காவின் கண்ணில் அப்படி ஓர் இரக்கம். விடுப்பு கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் எனக்கு ஒரு டப்பாவில் சாப்பாடு வந்தது. “பாவம் சார் நீங்க, ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு முழிக்கறீங்க” என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் ஆலையில் பூசாரி தங்கமாகவும் சாமி கல்லாகவும் அமைந்துவிட்டது. சிக்கலே இல்லாத ஏற்பாடு.

இதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அரைகுறையாக எதையும் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஷூ வாங்கி வைத்தேன். தினமும் இரண்டு வேளை காபி நானே கொண்டுபோய், நானே குடித்துவிட்டு, தம்ளரைக் கொண்டுவந்தேன். யாராவது ஏதாவது கேட்டால், “இருங்க, பேசிப் பாக்கறேன்” என்று மேலே போவேன். அந்த அறையில் பேச்சுச் சத்தத்தை ஃபோம் குடித்துவிடும். தரையில் மிதித்தாலும் நாற்காலியை இழுத்தாலும் மட்டும் கீழே கேட்கும். மிதிப்பேன், இழுப்பேன், மேசையில் ஓங்கி அடிப்பேன். பிறகு தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு இறங்குவேன். “விடுங்க சார், எங்களுக்காக நீங்க வாங்கிக் கட்டிக்காதீங்க” என்று அவர்களே எனக்குத் தண்ணீர் கொடுப்பார்கள்.

நாலு வருடம் ஆலை தேர் மாதிரி ஓடியது. ஊசி உடைவது நின்றது. ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்வது நின்றது, ஏனென்றால் கரித்துக்கொட்டுவதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆள் கிடைத்துவிட்டான். மாடிக்காரன் என்று அவர்களே பெயரும் வைத்தார்கள். உயரம், தங்க ஃபிரேம் கண்ணாடி, பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை கிடையாது என்கிற விவரங்களையெல்லாம் அவர்களே சேர்த்தார்கள், நான் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வீட்டிலும் அவர் உதவினார். மைத்துனன் வீட்டு விசேஷங்களுக்கு நான் போகாததற்கெல்லாம் என் மனைவி மாடிக்காரரைத்தான் சபித்தாள்.

இப்போது கொட்டாவிக்கு வருகிறேன்.

அவருக்கு வேறு பெயர் உண்டு, உங்கள் காகிதத்தில் இருக்கும். ஆலையில் எல்லோருக்கும் கொட்டாவிதான். தயாரான மெத்தையில் படுத்துப் பார்ப்பது அவர் வேலை. மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம், மொத்தம் பத்து நிமிடம். எழுந்து, “இடுப்பு இறங்குது” என்பார், அல்லது “அனுப்பு” என்பார். கடுகளவு முடிச்சு இருந்தாலும் அவர் முதுகுக்குத் தெரிந்துவிடும். நாள் முழுக்கப் படுத்தே இருப்பதால் எழுந்தால் கொட்டாவி. போனைப் பையில் வைத்துக்கொண்டு படுத்தால் சோதனை கெட்டுவிடும் என்று என் அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அருமையான பணியாளர். ஒரே குறை, சில சமயம் மெத்தை நன்றாக அமைந்துவிட்டால் தூங்கிப்போவார், தூங்கினால் உளறுவார். யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அந்த உளறலில்தான் ஆலைக்குத் தெரியவரும்.

அவருக்கு ஒரே மகள். வெளிநாட்டில் படிப்பு, நாலு வருடம். வியாழக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு விமானம். திங்கட்கிழமை என்னிடம் வந்தார்.

“அரை நாள் போதும் சார். புள்ளைய ஏத்திவிட்டுட்டு ஓடி வந்துடறேன். இனிமே நாலு வருஷம் கழிச்சுத்தான் அவ முகத்தைப் பாக்கணும்.”

அந்த வாரம் ஒரு ஓட்டலுக்கு முந்நூறு மெத்தை போகவேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் அவர் படுத்தாக வேண்டும். “எனக்கு ஒண்ணுமில்ல, மேல கேட்டுச் சொல்றேன்” என்றேன். திங்கட்கிழமை போய்ப் பேசினேன், இறங்கிவந்து உதட்டைப் பிதுக்கினேன். செவ்வாய்க்கிழமை அழாத குறையாக மறுபடி வந்தார், மறுபடி போனேன். புதன்கிழமை மூன்றாம் முறை போனேன். அன்றைக்கு எனக்கே மனசு கேட்கவில்லை. காலி நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு, “பெத்த மனசு சார், அரை நாள்தானே சார்” என்று உண்மையாகவே மன்றாடினேன். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் போய், “அவ்வளவு பாசம்னா நீயே போய் மெத்தையில படு” என்று எனக்கே ஒரு போடு போட்டேன். திரும்பினால் கதவருகில் கொட்டாவி நிற்கிறார். நாலு வருடத்தில் அந்தப் படியில் யாரும் ஏறியதில்லை. பிள்ளைப் பாசம் ஏற்றிவிட்டது.

“யார்கிட்ட சார் பேசறீங்க?”

அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“பாத்ரூம்ல இருக்காரா?”

“இல்லை” என்றேன். ஒரு பணியாளரிடம் நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “நாலு வருஷமா இந்தக் காலி நாற்காலியையா சார் வாய்க்கு வந்தபடி ஏசினோம்? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் சார். நாளைக்கு அரை நாள் மட்டும் விட்டுடுங்க.”

அவர் சொல்லமாட்டார் என்று நானும் நம்பினேன். அவர் தூக்கத்தைத்தான் நம்ப முடியவில்லை. நல்ல மெத்தை ஒன்று அமைந்தால் போதும், ஆலை முழுக்கத் தெரிந்துவிடும். நாலு வருடத்து வெறுப்பு அத்தனையும் ஒரே நாளில் மாடியிலிருந்து இறங்கி என் அறைக்கு வரும். முப்பத்தெட்டு பேருடைய நிம்மதி ஒரு பக்கம், ஒருவருடைய அரை நாள் ஒரு பக்கம். நீங்களும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர், நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

“உட்காருங்க” என்று நாற்காலியைக் காட்டினேன். “இனிமே மாடியில நீங்கதான். உங்க லீவை நீங்களே குடுத்துக்கோங்க. பேப்பர் கொண்டுவரேன்.”

அவருக்கு ஒரே குஷி. உட்கார்ந்து, மேசையை உள்ளங்கையால் துடைத்தார். நான் வெளியே வந்து சாவியைத் திருப்பினேன். பூட்டி வைத்தேன் என்று நீங்கள் எழுதுவீர்கள். நிர்வாகத்தில் இதற்குப் பதவி உயர்வு என்று பெயர்.

சொன்னபடி காகிதமும் கொடுத்தேன். கதவில் பொட்டலம் வாங்குவதற்கு ஒரு சிறிய திறப்பு உண்டு, அதன் வழியாக நீட்டினேன். தன் விடுப்பை எழுதி, தானே அனுமதித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கீழே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, தன் விடுப்பைத் தானே அனுமதித்துக்கொள்வது முறையில்லை. அதனால் அது செல்லாமல் போனது.

வியாழக்கிழமை காலையிலிருந்து மேலே தரையை மிதிக்கிற சத்தம். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். “மாடிக்காரனுக்கு இன்னைக்கு என்ன கேடு வந்துது?” என்றார் அக்கா. கொட்டாவி நேராகப் போய் லீவு கேட்டார், மாடிக்காரர் அவரை நின்ற நிலையில் வேறு கிளைக்கு மாற்றி அனுப்பிவிட்டார் என்றேன். சிலர் அழுதார்கள். விமான நிலையத்திலிருந்து அந்தப் பெண் அப்பாவின் போனுக்கு ஒன்பது தடவை கூப்பிட்டாள். “வேலை. நல்லபடியா போய்ட்டு வாம்மா” என்று நானே செய்தி அனுப்பினேன். ஒன்றேகால்வரை மிதிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது.

அவரை நான் குறையாக வைத்திருந்ததாக யாரும் சொல்ல முடியாது. என் வீட்டுச் சாப்பாடு, ஒரு நாளும் ஆறியதில்லை. புதுக் கிளையில் போனில் பேச விடமாட்டார்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டு, அவருடைய மனைவிக்கு அவர் போனிலிருந்து தினமும் “சாப்பிட்டியா?” என்று செய்தி அனுப்பினேன். வீட்டில் இருந்த காலத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லையாம். புதுக் கிளைக்குப் போன பிறகுதான் மனுஷன் திருந்தினார் என்று அந்த அம்மா அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னார்களாம். மற்றவர்களின் விடுப்பு விண்ணப்பங்களை முறையாக மேலே அனுப்பினேன். ஒவ்வொன்றிலும், “நான்தான் உள்ளே இருக்கேன், கதவைத் திறங்க” என்று எழுதி அனுப்பினார். விண்ணப்பத்துக்கும் அந்தக் குறிப்புக்கும் சம்பந்தம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் திறப்புக்கு முன்னால் உட்கார்ந்து குறை கேட்பேன். ஆட்களிடம் வாரம் ஒரு தடவையாவது காது கொடுக்கவேண்டும்.

“ஏதாவது குறை இருக்கா?”

“கதவைத் திறங்க சார்.”

“அது தவிர?”

ஒரு தடவை கேட்டார், “எம் பொண்ணு நல்லா இருக்காளா சார்?”

“நல்லா இருக்கா. தினமும் மெசேஜ்ல பேசிட்டுத்தான் இருக்கா.”

“யார்கிட்ட?”

“உங்ககிட்டதான்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் குறை எதுவும் சொல்லவில்லை. திருப்தியாக இருக்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

இப்படியே மூன்று மாதம். வினை ஓட்டலிலிருந்து வந்தது. கொட்டாவி இல்லாமல் மிச்ச மெத்தைகளில் நானே படுத்துப் பார்த்து அனுப்பியிருந்தேன். எனக்கு அவருடைய முதுகு இல்லையே. தங்க வந்தவர்கள் எல்லோருக்கும் இடுப்பு வலி, நூற்றெண்பது மெத்தை திரும்பி வந்தன. பத்து நாளில் பிரித்துத் தைத்தாக வேண்டும், யாருக்கும் விடுப்பு கிடையாது. இதை எப்படிச் சொல்வது? சும்மா சொன்னால் முணுமுணுப்பார்கள். மேலே போய் நாற்காலியை இழுக்கவும் வழியில்லை, அங்கே ஆள் இருக்கிறார். அதனால் படியிலேயே நின்று என் கன்னத்தில் நானே ஓங்கி இரண்டு போட்டுக்கொண்டு, சிவந்த முகத்தோடு இறங்கினேன்.

“பத்து நாள் யாருக்கும் லீவு இல்லையாம். உங்களுக்காகப் பேசினேன். கை நீட்டிட்டார்.”

இதில்தான் என் கணக்குப் பிசகிவிட்டது. பயப்படுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்னை எவ்வளவு நேசித்தார்கள் என்பதை நினைக்கவில்லை.

“நம்ம சார் மேலயே கை வெச்சுட்டானா?” என்று எழுந்தார் அக்கா. “நம்மள ஏசினான், பொறுத்தோம். கொட்டாவிய எங்கயோ தூக்கியடிச்சான், பொறுத்தோம். இனிமே பொறுத்தா நாம மனுஷங்களே இல்ல.”

பஞ்சடிக்கிற கம்புகளை எடுத்துக்கொண்டார்கள். முப்பத்தேழு பேர், ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. “நீங்க ஒதுங்கி நில்லுங்க சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். பூட்டு முரண்டு பிடிக்கிற பூட்டு என்பதால், மாற்றுச்சாவி என்னிடம் இருக்கிறது என்று சொல்லி நானே திறந்துகொடுத்தேன்.

உள்ளே இருட்டு. பல்பு எரிந்துபோய் இரண்டு வாரம் ஆகியிருந்தது, மாற்றுவதற்கு விண்ணப்பம் மேலே அனுப்பியிருந்தேன், அனுமதி வரவில்லை. கதவு திறந்ததும் மூன்று மாதத்துத் தாடியோடு ஓர் உருவம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தது. கட்டிக்கொள்ளத்தான் ஓடிவந்தார். அது எனக்குத் தெரியும். அவர்களுக்கு, மாடிக்காரன் பாய்ந்து வருகிறான்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஐயா. அவருடைய பெயரைச் சொல்லியிருந்தால்கூடப் போதும். ஆனால் எனக்காக முப்பத்தேழு பேர் ஒரே மனதாக நின்றதைப் பார்த்தபோது அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த மேலாளருக்கும் அப்படி ஒரு நாள் வாய்க்காது. ஆளுக்கு ஓர் அடி. அவர் ஃபோம் மேல் இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மடக்கி, மெத்தை சோதிக்கிற மாதிரியே படுத்தபோதுதான் அக்கா கம்பைக் கீழே போட்டார். “ஐயோ, நம்ம கொட்டாவிடா” என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அப்போ மாடிக்காரன் எங்க சார்?”

“தப்பிச்சுட்டார்” என்றேன். “நம்ம ஆளை உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஓடிட்டார்.”

நம்பினார்கள். நாலு பேர் உங்களிடம் வந்து உயரம், கண்ணாடி, நடை என்று அங்க அடையாளமே சொல்லியிருக்கிறார்களே. பதினொரு நாளாக நீங்களும் பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் காவலர்கள் வெயிலில் அலைவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்படி ஓர் ஆள் கிடையாது. அவரை உண்டாக்கியவன் நான், கொட்டாவியை அடைத்தவன் நான், அடிக்கக் கதவைத் திறந்துவிட்டவனும் நான்தான். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று சொல்லுங்கள்.

ஏன் இன்றைக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று அந்தப் பெண் ஆலைக்கு வந்தாள். படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். அவர் இன்னும் கண் திறக்கவில்லை. படுக்க வைத்திருக்கிற மெத்தையும் சரியில்லை, நடுவில் பள்ளம், நான் போய்ப் பார்த்தேன். அவள் என் அறையில் நின்று மேலே கூரையைப் பார்த்தாள். “எங்கப்பா அன்னைக்கு வேலைன்னு வரலைன்னு மூணு மாசமா உள்ளுக்குள்ள அவர்மேல கோபமா இருந்தேன் சார். அந்த மாடியில இருந்தவரை ஒரு தடவை பாக்கணும். அரை நாள்தானே கேட்டார், ஏன் குடுக்கலைன்னு மட்டும் கேக்கணும்” என்றாள். நியாயமான கேள்வி. அதனால்தான் இன்றைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

அவள் வெளியே உங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னதை எல்லாம் அவளிடம் படித்துக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். அவள் அப்பாவின் அந்த அரை நாளுக்காக நான் மூன்று தடவை மேலே போய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன், ஐயா. மாடிக்காரர்தான் விடவில்லை.